மருந்துக்கு மசியாத ஈஸ்ட்

786

கரடிப்பாறை எஸ்டேட் ஆஸ்பத்திரி,
நாகலூர், ஏற்காடு வழி.
9.12.1994

செல்வி கண்ணம்மாள் அவர்களுக்கு,

ஆசியா எழுதுவது. சேலத்தில் இரண்டு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து லேப் டெக்னீஷியன் படிப்புப் படித்தோம், ஒரே மைக்ராஸ்கோப்புக்குச் சண்டை போட்டோம் என்பதையெல்லாம் ஓரமாக வைத்துவிடுங்கள். எஸ்டேட் ஆஸ்பத்திரி ஒன்று சென்னையின் பெரிய பூஞ்சை ஆய்வகத்துக்கு எழுதும் கடிதம் இது. போன மாதம் நீங்களும் எனக்கு அப்படித்தான் எழுதினீர்கள்.

நான்காம் கட்டில் நோயாளி அங்கப்பனின் ரத்தத்தில் வளர்ந்த ஈஸ்ட்டை அனுப்பியிருந்தேன். "மாதிரியில் வெளிப்பூஞ்சை கலந்துள்ளது. நோய்க்குத் தொடர்பில்லை." இதுதான் உங்கள் பதில். கீழே உங்கள் கையெழுத்து. டாக்டர் ஜேசுதாஸ் அந்தத் தாளை வார்டு நடுவில், நர்ஸுகள் முன்னால் படித்தார். "ஏம்மா ஆசியா, காத்துல வந்து உங்க பிளேட்ல உழுகறதுக்கெல்லாம் நான் வைத்தியம் பண்ண முடியுங்களா?" என்றார். கேலியாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னார்.

அங்கப்பன் மூன்றாம் தேதி இறந்துபோனார். கடைசி வரை காய்ச்சல் இறங்கவில்லை.

இப்போது ஏழாம் கட்டில். அத்தாயி, இருபத்தாறு வயது, காபி பறிக்கிற பெண். டைபாய்டில் குடல் ஓட்டையாகி ஆபரேஷன் செய்தார்கள். மூன்று வாரமாக டிரிப்பில்தான் உயிர் ஓடுகிறது. இரண்டு தடவை, இரண்டு கையிலிருந்தும் ரத்தம் எடுத்து வளர்த்தேன். இரண்டிலும் அதே ஈஸ்ட். காற்றிலிருந்து விழுந்ததென்றால் இரண்டு தடவையும் ஒரே ஆள்தான் விழ வேண்டுமா? டாக்டர் அரை மனதாக ஒப்புக்கொண்டு, பூஞ்சைக்கான புது மருந்து ஃப்ளூகோனசோலைக் கொடுத்து வருகிறார். இன்றோடு ஆறு நாள். காய்ச்சல் நூற்றுமூன்றை விட்டு நகரவில்லை.

என் அண்ணன் அமீர் ஜான் கடைக்குச் சரக்கெடுக்கச் சென்னை வருகிறார். இரண்டு டியூப்கள் அவர் கையில் இருக்கின்றன. தயவுசெய்து பாருங்கள்.

இப்படிக்கு,
ஆ. ஆசியா,
லேப் டெக்னீஷியன்

*

சென்னை
12.12.1994

ஆசியா,

உன் அண்ணன் நேற்று வந்தார். டியூப்களை மடியில் வைத்துக்கொண்டே ரயிலில் வந்ததாகச் சொன்னார். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே ஒரு நாளைக்கு எண்பது மாதிரி வருகிறது. பார்க்க மூன்று பேர். வெளியூர் மாதிரிகளில் பாதிக்குமேல் வழியிலேயே கெட்டுப்போகின்றன. உன் ஆஸ்பத்திரியில் உருளைக்கிழங்கு வேகவைத்து நீயே கிருமி வளர்க்கும் ஊடகம் காய்ச்சுகிறாய் என்பதும் எனக்குத் தெரியும். இதையெல்லாம் யோசிக்காமல் நான் வேண்டுமென்றே உன்னை அவமானப்படுத்தியதுபோல எழுதியிருக்கிறாய். 'அவர்களுக்கு' என்று என்னை நீ எழுதியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இதுவரை காலையில் எழுதியது. இப்போது மாலை நான்கு மணி.

ஆசியா, உன் இரண்டு டியூபிலும் ஒரே ஈஸ்ட். சுத்தமாக ஒன்றே ஒன்று. வேறு எதுவும் கலக்கவில்லை.

அதை ரத்த நீரில் போட்டு, உடம்புச் சூட்டில் மூன்று மணி நேரம் வைத்தேன். வார்டுகளில் நாம் எப்போதும் பார்க்கிற ஈஸ்ட், அல்பிகன்ஸ் என்கிறோமே, அது இரண்டரை மணி நேரத்தில் முளைவிட்டு ஒரு குழாயை நீட்டும். நம் வாத்தியார் அதைக் காட்டியபோது நீ "தவளைக்குஞ்சு மாதிரி இருக்கு சார்" என்று சொல்லி வகுப்பே சிரித்ததே, அதேதான். உன்னுடையது மூன்று மணி நேரம் ஆகியும் நீட்டவில்லை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உருண்டையாகவும் இல்லை. நீள அரிசியை அள்ளிக் கொட்டியதுபோலக் கிடக்கிறது!

எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. பெயரை இப்போது சொல்லமாட்டேன், சர்க்கரைச் சோதனை முடிய இரண்டு நாள் ஆகும். அதற்குள் ஒன்று கேட்டு எழுது. உங்கள் டாக்டர் இந்த ஃப்ளூகோனசோலை காய்ச்சல் வந்தவர்களுக்கு மட்டும் கொடுக்கிறாரா, இல்லை ஆபரேஷன் ஆன எல்லோருக்கும் கொடுக்கிறாரா?

கண்ணம்மாள்

*

786

நாகலூர்
15.12.1994

கண்ணம்மா,

பதில்: எல்லோருக்கும்! அக்டோபரில் மருந்து கம்பெனிக்காரர் ஒருவர் பெட்டி நிறைய இனாம் மாதிரி கொடுத்துவிட்டுப் போனார். "பூஞ்சை வராமலே தடுத்துரும் டாக்டர்" என்றார். அன்றிலிருந்து வயிற்றைத் திறந்த ஒவ்வொருவருக்கும் தினம் ஒரு கேப்ஸ்யூல். அங்கப்பனுக்கும் கொடுத்திருக்கிறோம். அத்தாயிக்கும் காய்ச்சல் வருவதற்கு முன்பிருந்தே போயிருக்கிறது, இந்த மாதம் அளவைத்தான் கூட்டியிருக்கிறார். கேஸ் ஷீட்டை இப்போதுதான் புரட்டிப் பார்த்தேன்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். உட்கார்ந்துகொள், சொல்கிறேன்.

இந்த மருந்து இந்த ஈஸ்ட்டைக் கொல்கிறதா இல்லையா என்று பார்க்க உன் ஆய்வகத்தில் என்னென்னவோ இருக்கும். என்னிடம் என்ன இருக்கிறது? அந்தக் கேப்ஸ்யூல்தான் இருக்கிறது. டாக்டர் மேஜையிலிருந்து ஐம்பது மில்லிகிராம் ஒன்றை எடுத்தேன். பிரித்து, பொடியில் பாதியைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, ஒரு லிட்டர் உருளைக்கிழங்கு ஊடகத்தில் கலந்து பிளேட்களில் ஊற்றினேன். மருந்தில்லாத பிளேட்களும் ஊற்றினேன். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு ஈஸ்ட் வேண்டுமே? அன்றைக்கு நாக்கெல்லாம் வெள்ளை படிந்து பால் குடிக்காத ஒரு குழந்தை ஓ.பி.யில் வந்தது. அதன் வாயிலிருந்து பஞ்சில் தொட்டு எடுத்தேன். ஒவ்வொரு பிளேட்டிலும் நடுவே கோடு போட்டு, இடதுபக்கம் குழந்தையுடையது, வலதுபக்கம் அத்தாயியுடையது.

நேற்று காலை இன்குபேட்டரைத் திறந்தேன். மருந்தில்லாத பிளேட்டில் இரண்டு பக்கமும் வளர்ந்திருந்தது. கேப்ஸ்யூல் பிளேட்டில் இடதுபக்கம் துடைத்துவிட்டதுபோலச் சுத்தம். வலதுபக்கம், கண்ணம்மா, சாம்பல் பூத்த வெள்ளையாக, தட்டையாக, ஓரமெல்லாம் பரவிக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது!

பிளேட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். டாக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, மறுபடியும் காளானுங்களா?"

"டாக்டர், இதை ஜன்னல் பக்கம் புடிச்சுப் பாருங்க. இந்தப் பக்கம் அந்தக் கொழந்தை வாயில இருந்தது. இந்தப் பக்கம் அத்தாயி."

பார்த்தார். "உள்ள என்ன கலந்திருக்கீங்க?"

"நீங்க குடுக்கற அதே கேப்ஸ்யூல்தானுங்க. உங்க மேஜையிலருந்துதான் எடுத்தேன், மன்னிச்சுக்கோங்க."

டீ கிளாஸைக் கீழே வைத்தார். பிளேட்டை இன்னொரு தடவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப பதினோரு நாளா அந்தப் புள்ளைக்கு நான் என்னத்தைக் குடுத்துட்டு இருக்கேன்?" என்று கேட்டார். என்னைக் கேட்டதுபோல இல்லை.

அப்புறம் எழுந்து, "உங்க சிநேகிதிக்கு எழுதுங்க. வேற என்ன மருந்து கேக்கும்னு கேளுங்க. சேலத்துல நான் விசாரிக்கறேன்" என்றார். சேலத்தில் மூன்று கடையில் பூஞ்சைக்கு வேறு மருந்து கேட்டாயிற்று, இல்லை. அத்தாயி இன்று காலை தன் அம்மாவை அடையாளம் தெரியாமல் யாரென்று கேட்டாள். சீக்கிரம்.

உன் ஆசியா

*

சென்னை
18.12.1994

ஆசியாவுக்கு,

இந்தக் கடிதத்தோடு ஒரு தெர்மாஸ் பிளாஸ்க் வரும். மேலே ஐஸ், நடுவில் பஞ்சு, அதற்குள் பன்னிரண்டு குப்பி ஆம்போடெரிசின். உன் அண்ணன் ஏற்காடு எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்துவிட்டுத்தான் என்னிடம் போன் செய்தார். "தங்கச்சி சொல்லிட்டா, நான் வேற வேலை பாக்கலீங்க" என்கிறார். அவர் சரக்கெல்லாம் பாரிமுனையிலேயே கிடக்கிறது.

பெயர் தெரிந்துவிட்டது. கேண்டிடா குரூசி. மூன்று சோதனையும் ஒன்றையே சொல்கின்றன. உன் கேப்ஸ்யூல் பிளேட்டைப் பற்றி எங்கள் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "அந்தப் பொண்ணு எங்க படிச்சா?" என்று கேட்டார். "என்கூடத்தான் டாக்டர்" என்றேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவரே இரண்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் குப்பிகளை வரவழைத்தார்.

இந்த ஈஸ்ட்டுக்கு ஃப்ளூகோனசோல் பிறவியிலேயே உறைக்காது. பழகிப்போய் எதிர்த்து நிற்கிறது என்றுகூடச் சொல்ல முடியாது, எப்போதுமே மசியாத ஜாதி. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் மூன்று நான்கு வருடமாக இதையே எழுதுகிறார்கள். அந்த மருந்தை எல்லோருக்கும் கொடுக்கிற வார்டுகளில் சாதாரண ஈஸ்ட் குறைகிறது, இது தலையெடுக்கிறது. மருந்து மற்றதையெல்லாம் களையெடுத்து இதற்கு இடம் ஒதுக்கிக் கொடுத்துவிடுகிறது. முதலில் எல்லோருக்கும் கொடுப்பதை நிறுத்தச் சொல்.

ஆம்போடெரிசின் இங்கே பிளேட்டில் நன்றாகக் கேட்கிறது. கவனமாகப் படி:

குளுக்கோஸில் மட்டும் கலக்க வேண்டும். சலைனில் ஊற்றினால் திரிந்துபோகும். பாட்டில்மேல் கறுப்புத் தாள் சுற்றச் சொல், வெளிச்சம் ஆகாது. முதலில் துளி அளவு கொடுத்து ஒரு மணி நேரம் பார்க்க வேண்டும். அப்புறம் ஆறு மணி நேரம் மெதுவாக ஓட வேண்டும். குளிர் தூக்கிப்போடும், பல் கிட்டும். பார்க்கிறவர்கள் பயந்து நிறுத்திவிடுவார்கள். அதற்கு முன்னால் கொடுக்க வேண்டிய மருந்துகளை டாக்டரம்மா தனித்தாளில் உங்கள் டாக்டருக்கு எழுதியிருக்கிறார். சிறுநீரகத்தைக் கெடுக்கும், அதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரத்தத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் நீ பார்த்தாக வேண்டும். உன் கையில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு பேருக்கு வந்துவிட்டது. அப்படியென்றால் எங்கேயோ இருந்து வருகிறது. எங்கேயிருந்து என்று கண்டுபிடி ஆசியா. உன்னிடம் கேப்ஸ்யூல் பிளேட் இருக்கிறது. சாதாரண ஈஸ்ட் எல்லாம் அதில் செத்துவிடும், இது மட்டும் காட்டிக்கொடுத்துக்கொண்டு வளரும். இதைவிட நல்ல வலை எங்களிடம்கூட இல்லை.

கண்ணம்மா

*

786

நாகலூர்
27.12.1994

கண்ணம்மா, கண்ணம்மா!

காய்ச்சல் இறங்கிவிட்டது. நேற்று முழுக்க நூறைத் தாண்டவில்லை. இன்று காலை தொண்ணூற்றெட்டரை. சிஸ்டர் மூன்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார், நம்ப முடியாமல். அத்தாயி கண்ணைத் திறந்து, "கஞ்சி இருக்குதுங்களா?" என்று கேட்டாள். வார்டே சிரித்தது. அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாமி, நீ நல்லா இருக்கோணும்" என்று விடவே இல்லை. நான் லேபுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

முதல் நாள் நீ சொன்னதுபோலவே கட்டிலோடு உதறிப் போட்டது. நிறுத்திவிடலாம் என்று சிஸ்டர் கையை வைத்தார். "எழுதியிருக்குதுங்க, இப்படித்தான் ஆகும்னு எழுதியிருக்குது!" என்று உன் கடிதத்தைத் தூக்கிக் காட்டினேன். டாக்டர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு ஆறு மணி நேரமும் உட்கார்ந்திருந்தார். கறுப்புத் தாள் கிடைக்கவில்லை. எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் ஆபீஸ் கார்பன் தாளைச் சுற்றினோம். கிரியாட்டினின் கொஞ்சம் ஏறியது, நின்றுவிட்டது.

இப்போது வேட்டையைச் சொல்கிறேன்.

முதலில் கைகள். டாக்டர், நர்ஸுகள், ஆயாக்கள், சமையல்காரர், நான் என்று பதினான்கு பேர் கையையும் கேப்ஸ்யூல் பிளேட்டில் தொட வைத்தேன். ஒன்றும் வளரவில்லை. கட்டில் கம்பி, தலையணை, மருந்துத் தட்டு, அதிலும் ஒன்றுமில்லை. நாலு நாள் போய்விட்டது. இன்குபேட்டரைத் திறந்து எல்லாம் வெறும் பிளேட்டாக இருப்பதைப் பார்த்து அலுத்துப்போனேன். மூக்கை உள்ளே விட்டபோதுதான் அந்த வாடை வந்தது. அத்தாயியின் ஈஸ்ட் இருந்த பழைய பிளேட்டிலிருந்து புளித்த வாடை. எங்கேயோ தெரிந்த வாடை. இந்த மாதத்தில் காலையில் வேலைக்கு நடந்து வரும்போதெல்லாம் மூக்கில் ஏறுகிற வாடை!

காபிப் பழம் உரிக்கிற பல்ப் ஹவுஸ் கண்ணம்மா. தோல் உரித்த கொட்டையைக் கொழகொழப்புப் போகத் தொட்டியில் ஊறப் போடுவார்களே, நுரைத்துப் புளிக்குமே, அந்த வாடை.

அங்கே இருப்பது வார்டுக்குள் எப்படி வரும்? வார்டு ஆயா லட்சுமியக்காவைக் கூப்பிட்டு, டிரிப் டியூபை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள், எனக்குச் செய்து காட்டுங்கள் என்றேன். எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு டியூபை மூன்று நாலு தடவை கொதிக்கவைத்துப் பயன்படுத்துகிறோம், மறைக்க என்ன இருக்கிறது. நன்றாகத்தான் கொதிக்கவைத்தார். இருபது நிமிடம். எடுத்தார். நேராகக் குழாயடிக்குப் போய்த் திறந்துவிட்டு உள்ளும் வெளியும் அலசினார்.

"அக்கா, கொதிக்க வெச்சதுக்கப்புறம் எதுக்குங்க அலசறீங்க?"

"கொதிச்ச தண்ணி வெள்ளை வெள்ளையாப் படியுது கண்ணு. டியூப்பு பளிச்சுனு இருக்கட்டும்னுதான்."

யாரும் அவருக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. சுத்தமாக இருக்கட்டும் என்றுதான் அலசியிருக்கிறார்.

குழாய்த் தண்ணீரைக் கேப்ஸ்யூல் பிளேட்டில் ஊற்றினேன். இரண்டு நாள். இன்குபேட்டரைத் திறக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு திறந்தேன். முப்பத்திரண்டு இடத்தில் ஈஸ்ட் கூட்டம்! சாம்பல் பூத்த வெள்ளை, தட்டை, அதே ஓரம். மைக்ராஸ்கோப்பில் நீள அரிசி!

அன்றைக்கே வாட்ச்மேன் வெள்ளையனைக் கூட்டிக்கொண்டு தண்ணீர்க் குழாய் போகிற வழியே மேலே ஏறினேன். செருப்பு அறுந்துபோய் வெறுங்காலோடு போனேன். ஓடையில் குழாய் இறங்குகிற இடத்துக்கு நூறடி மேலே பல்ப் ஹவுஸ். தொட்டி கழுவின தண்ணீர் போகிற வாய்க்கால் உடைந்து நேரே ஓடையில் விழுந்துகொண்டிருக்கிறது. அங்கே ரைட்டர் மாதப்பன் நின்றிருந்தார்.

"ஏனுங்க, இது எப்ப ஒடஞ்சுதுங்க?"

"அக்டோபர் மழையில போயிருச்சுங்க. சீசன் முடிஞ்சு கட்டலாம்னு உட்டுட்டோம். தண்ணி ஓடைக்குத்தானுங்க போவுது?"

"அந்த ஓடைத் தண்ணிலதானுங்க ஆஸ்பத்திரி டியூப்பு கழுவறோம்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "நொம்பத் தப்பாப் போச்சுங்களே" என்று அங்கேயே ஆட்களைக் கூப்பிட்டு வாய்க்காலை மறித்தார். தொட்டித் தண்ணீர், ஓடைத் தண்ணீர், ஆஸ்பத்திரித் தண்ணீர் மூன்றையும் உனக்கு அனுப்புகிறேன். மூன்றும் ஒன்றுதான் என்று நீ சொல்ல வேண்டும். டாக்டர் அதற்குள்ளேயே எல்லோருக்கும் கேப்ஸ்யூல் கொடுப்பதை நிறுத்திவிட்டார், பழைய டியூப்களை எரித்துவிட்டார். லட்சுமியக்கா முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் பக்கத்தில் போய், "கேப்ஸ்யூல் குடுத்தது நானுங்க லட்சுமி. ரெண்டும் சேந்துதான் இப்படி ஆச்சு. அழுகாதீங்க" என்றார்.

உன் ஆசியா

*

சென்னை
31.12.1994

அன்புள்ள ஆசியா,

மூன்றும் ஒன்றுதான். அத்தாயியின் ரத்தத்தில் இருந்ததும் சேர்த்து நான்கும் எல்லாச் சோதனையிலும் ஒரே மாதிரி நடக்கின்றன. ஆய்வகமே உன் கதையைத்தான் பேசுகிறது. டாக்டரம்மா இதைக் கட்டுரையாக எழுத வேண்டும், முதல் பெயர் உன்னுடையதாக இருக்க வேண்டும் என்கிறார்.

நான் உன்னோடு சேர்ந்து குதித்திருக்க வேண்டும். ஐந்து நாளாகத் தூக்கமில்லை. எழுதிவிடுகிறேன்.

அங்கப்பனின் டியூபை நான் திறக்கவே இல்லை.

அது வந்த அன்று பார்சலில் பஞ்சு நனைந்திருந்தது. உன் கையெழுத்தில் 'உருளைக்கிழங்கு ஊடகம், வீட்டுத் தயாரிப்பு' என்று இருந்ததைப் பார்த்து, பக்கத்து மேஜைக்காரர் "கண்ணம்மா, உங்க மலையிலருந்து கிழங்கு வந்திருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏற்காட்டு மலையில் வெள்ளக்கடையிலிருந்து வந்தவள் என்பதை இங்கே ஆறு வருடமாக நான் யாருக்கும் ஞாபகப்படுத்தாமல் இருக்கப் பார்த்தவள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் படிவத்தை எடுத்து 'வெளிப்பூஞ்சை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். டியூப் குளிர்பெட்டியில் பின்னால் போய்விட்டது.

போன திங்கட்கிழமை தேடி எடுத்தேன். திறந்து வளர்த்தேன். சுத்தமான குரூசி. நவம்பர் பதினெட்டாம் தேதியே நான் திறந்திருந்தால் அவருக்கு ஆம்போடெரிசின் போயிருக்கும். பிழைத்திருப்பார் என்று சொல்ல முடியாது. பிழைத்திருக்கலாம் என்று சொல்ல முடியும்.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மெமோ வரும். திருத்திய அறிக்கையை என் கையெழுத்தோடு அனுப்பச் சொன்னார். உன்னிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

கண்ணம்மாள்

*

நாகலூர்
5.1.1995

கண்ணம்மாள்,

உன் கடிதத்தை இரண்டு நாள் பதில் எழுதாமல் வைத்திருந்தேன். முதல் நாள் கிழித்துப்போடப் பார்த்தேன்.

அங்கப்பன் இறந்த அன்று அவர் மனைவி முத்தாயி வார்டு வாசலில் உட்கார்ந்து என்ன சொன்னார் தெரியுமா? மருந்தைத் தவிர வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தும், புருஷன் கெஞ்சியதால் இரண்டு சுளை ஆரஞ்சு கொடுத்துவிட்டாராம். "நான்தானுங்க கொன்னுபோட்டேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. ஏனென்றால் காரணம் எங்களுக்கும் தெரியாது. உன் தாள்தான் கையில் இருந்தது.

என்மேலும் தப்பு இருக்கிறது. உன் தாள் வந்ததும் என் ரிஜிஸ்டரில் நானே 'வெளிப்பூஞ்சை' என்று எழுதினேன். மைக்ராஸ்கோப்பில் என் கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு உன் தாளை நம்பினேன். சண்டை போட்டிருக்க வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அத்தாயி வராண்டா வரை நடக்கிறாள். பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

முத்தாயி குப்பனூரில் இருக்கிறார். பஸ் நிற்கிற இடத்திலிருந்து இரண்டாவது தெரு. திருத்திய அறிக்கையைத் தபாலில் அனுப்பாதே. நீ எடுத்துக்கொண்டு வா.

ஆசியா

*

வெள்ளக்கடை
16.1.1995

ஆசியா,

ஊருக்கு வந்துவிட்டேன். நாளைக் காலை என் அண்ணன் பொன்னுவேல் வண்டியில் நாகலூர் வழியாகப் போகிறார், அவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். நாளை மறுநாள் உன்னைப் பார்க்கும்போது இதை வாயால் சொல்ல எனக்கு வராது, அதனால் எழுதுகிறேன்.

சேலத்திலிருந்து குப்பனூர் வழி பஸ்ஸில் ஏறி இன்று மதியம் அங்கேயே இறங்கினேன். முத்தாயி வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். சென்னையிலிருந்து வருகிறேன், ரத்தம் சோதிக்கிற இடத்தில் வேலை என்றதும் பாயை எடுத்துப் போட்டார். நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். ஆரஞ்சால் இல்லை. ரத்தத்தில் ஒரு கிருமி இருந்தது, டியூப் வழியாகப் போனது, கொடுத்த மருந்து அதற்குக் கேட்காது. கேட்கிற மருந்து ஒன்று இருந்தது. அதைச் சொல்ல வேண்டிய தாளை எழுதியவள் நான். பார்க்காமல் எழுதிவிட்டேன்.

திட்டுவார் என்று நினைத்தேன்.

"பாக்காமயேவா எழுதினீங்க?"

"ஆமாங்க."

"ஏனுங்க?"

அவர் மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார். கயிற்றை அவிழ்த்தார், மறுபடி கட்டினார். அப்புறம், திரும்பாமலே, "அதே வார்டுல ரெண்டு மூணு கட்டில் தள்ளி ஒரு காபிக்காரப் புள்ளை கெடந்துச்சே, அது?" என்று கேட்டார்.

"பொழச்சுக்குச்சுங்க. பொங்கலுக்கு முன்னாடியே ஊட்டுக்குப் போயிருச்சுங்க. உங்க ஊட்டுக்காரருக்கு வந்ததேதான் அதுக்கும். ஆசியான்னு ஒரு பொண்ணு கண்டுபுடிச்சா."

"அந்தக் கண்ணாடி போட்ட புள்ளையா? அது மட்டும்தான் அன்னிக்கு எங்கூட வந்து உக்காந்துச்சு." இதை நீ எனக்கு எழுதவே இல்லை ஆசியா.

தாளைக் காட்டினேன். படிக்கச் சொன்னார். தமிழில் சொல்லிக்கொண்டே படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இதுல அவரு பேரு எங்கிருக்குது?"

பேர் இல்லை. 'ஆண், வயது 52, கட்டில் 4' என்று மட்டும்தான் எங்கள் படிவத்தில் எழுதுவோம். இத்தனை வருடத்தில் எத்தனை ஆயிரம் தாள் எழுதியிருப்பேன், ஒரு நாளும் இது எனக்குத் தோன்றியதில்லை.

பையிலிருந்து பேனாவை எடுத்தேன். மாட்டுத் தொட்டி ஓரத்தில் தாளை வைத்து, மேலே, எல்லாவற்றுக்கும் முன்னால், 'அங்கப்பன், குப்பனூர்' என்று எழுதினேன். அவர் எழுத்துக் கூட்டி ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். தொட்டு முடித்துவிட்டு, தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"மன்னிச்சுட்டேன்னெல்லாம் சொல்ல மாட்டேனுங்க" என்றார். "ஆனா வந்து சொன்னீங்களே. உக்காருங்க, காபி போடறேன்."

உட்கார்ந்தேன் ஆசியா. குடித்தேன்.

கண்ணம்மா